கண்மாயில் ஒன்றும் இல்லாத ஞாயிறு

"பங்குனி. ஞாயிறு. கண்மாயில் தண்ணீர் பாதிக்கும் கீழே. காற்று இல்லை. ஒன்றும் இல்லை. திரும்பும்போது நல்ல வெயில்."

அலுவலகத்தில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து வீணான தாளின் மறுபக்கத்தில், அப்பா பென்சிலால் எழுதிய குறிப்பு இது. முழுக் குறிப்பும் இவ்வளவுதான். ஆண்டு இல்லை. அப்பா ஆண்டை எழுதவே மாட்டார். அதை யாராவது மறப்பார்களா என்பது அவர் எண்ணம். எல்லோரும் மறந்துவிட்ட பிறகு, கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்தப் பங்குனியில் நான் ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், ஸ்கைலாப் தலையில் விழப்போகிறது என்று பயந்து, மதியச் சோற்றை மைதானத்தில் தின்னாமல் வேப்பமரத்தடியில் நெருக்கியடித்து நின்று தின்றோம். வேப்பமரம் விண்கலத்தைத் தாங்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்களோ. நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பயம் நினைவிருக்கும். ஸ்கைலாப் விழுந்தது 1979 ஜூலையில். ஆகவே குறிப்பின் ஆண்டும் 1979. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

குறிப்பில் இருக்கிற "ஒன்றும் இல்லை" என்ற அதே சொற்களை அன்று காலை அப்பா வாயாலும் சொன்னார். அதனால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருப்பார். அந்தச் சங்கதி குறிப்பில் இல்லாததால் நான் எழுதிவைக்கிறேன்.

அப்போது நாங்கள் பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை மற்ற அப்பாக்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கறி வாங்கப் போவார்கள். என் அப்பா பறவை பார்க்கப் போவார். கூடப் போகிறவர் போட்டோ மாமா. அவர் எங்களுக்கு உறவில்லை, அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படிக்குக் கீழே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பெண் பார்க்கிற வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் படங்கள் எடுப்பதில் அவருக்கு நல்ல பெயர். கறுப்பான பெண்களை மாநிறமாக்கித் தருவார் என்று அம்மா சொல்வாள்.

பைனாகுலர் மாமா மூலமாக வந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற யாரோ ஒருவரிடம் வாங்கி, ஸ்டுடியோ மேசையில் ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, மஸ்லின் துணியால் துடைத்துப் பூட்டி, அப்பாவிடம் கொடுத்தார். கறுப்புத் தோல் உறை. உள்ளே சிவப்பு வெல்வெட். திறந்தால் பழைய பெல்ட்டும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை வரும். வார் அறுந்துபோய், என் பழைய பள்ளிப் பையின் பட்டையைத் தைத்திருந்தார்கள். அந்த வாசனையை அதற்குப் பிறகு வேறெங்கும் முகர்ந்ததில்லை. உறையும் பைனாகுலரும் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன.

பங்குனி பறவை பார்ப்பவர்களுக்குப் பொல்லாத மாதம். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்திறங்கிய வாத்துகளும் உள்ளான்களும் ஊருக்குக் கிளம்பிவிடும். இன்னும் தெற்கே தங்கியிருந்தவை திரும்பும் வழியில் நம் கண்மாய்களில் இறங்கி இளைப்பாறும். முதல் கூட்டம் போன பிறகு, இரண்டாம் கூட்டம் வருவதற்கு முன்னால், நடுவில் சில வெற்று நாட்கள் உண்டு. மாமா அதை "இண்டர்வல்" என்பார். இண்டர்வலில் போகத்தான் வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு அப்பா, "யாரும் வரலைங்கிறதும் ஒரு தகவல்தான் மாப்ள. அதையும் ஒருத்தன் போய்ப் பாக்கணும்ல" என்றார்.

அம்மாவுக்கு வேறு கவலை இருந்தது. முந்தின நாள் ராத்திரி இட்லி மாவைக் கரைத்தபடியே சொன்னாள்: "ரெண்டு ஆம்பளைங்க குழாயைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறீங்க. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனப்பாங்க? பறவை பாக்குறோம்னு நெனப்பாங்க."

"இவளையும் கூட்டிட்டுப் போங்க."

அப்பா சிரித்தார். ஆனாலும் என்னைக் கூட்டிப்போனார்.

விடியுமுன் கிளம்பினோம். நான் அப்பா சைக்கிளின் பின் கேரியரில், மடியில் இட்லித் தூக்குவாளியோடு. சிம்மக்கல்லில் மாமா சேர்ந்துகொண்டார். வைகையில் தண்ணீர் ஓரமாக ஒரு ஓடையாகத்தான் போனது. மணலில் கழுதைகள் நின்றன. ஆற்றைத் தாண்டி வடக்கே அலங்காநல்லூர்ப் பக்கமாக மிதித்தார்கள். கரும்பு ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன. அவற்றைத் தாண்டும் போதெல்லாம் புளித்த இனிப்பு வாசனை முகத்தில் மோதும். வேம்பு பூத்திருந்தது. ரோட்டிலேயே புளி காயப்போட்டிருந்தார்கள். மாமா அதன் மேல் ஏறாமல் வளைந்து வளைந்து ஓட்டினார்.

கண்மாயின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

கிழக்குக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் கல் படித்துறை. அதை ஒட்டி, தண்ணீர் வற்றி வெளிவந்த சேறு. உள்ளான்கள் வந்தால் இறங்குகிற இடம் அதுதான். அப்பாவும் மாமாவும் மாறி மாறி அந்தச் சேற்றையே பார்த்தார்கள். படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். துணி கல்லில் அடிக்கிற சத்தம், அடித்ததைக் கண்ணால் பார்த்துச் சற்று நேரம் கழித்தே எங்களிடம் வந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அப்பாவும் மாமாவும் நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் கண்ணுக்குக் கண்மாய் என்றால் தண்ணீர், கரை, சேறு. அங்கே மனிதர்கள் இருப்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. யாரையும் பார்க்காத மனிதனுக்கு, தன்னை மற்றவர்கள் பார்ப்பார்கள் என்பதும் தோன்றாது போலிருக்கிறது.

கரைக்குப் பின்னால் ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தது. "யாரோ வர்றாங்க" என்றார் மாமா, பைனாகுலரை இறக்காமல்.

இரண்டு இளவட்டங்கள் வந்தார்கள். மூத்தவன் மாட்டை விரட்டுகிற கம்பை வைத்திருந்தான்.

"என்ன சார், காலங்காத்தால குழாயைத் தூக்கிட்டு?"

"பறவை பாக்குறோம் தம்பி" என்றார் அப்பா.

"என்ன பறவை?"

அப்பா கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறவர். "இன்னைக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. எல்லாம் போயிருச்சு."

அவன் தண்ணீரைப் பார்த்தான். கொக்குகள் வரிசையாக நின்றன. பட்டுப்போன மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. முக்குளிப்பான்கள் முங்குவதும் எழுவதுமாக இருந்தன. மீன்கொத்தி ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே கிளையில் உட்கார்ந்திருந்தது.

"அப்ப அதெல்லாம் என்ன, கோழியா?"

"அதெல்லாம் இங்கயே இருக்கிறது தம்பி. அதை நாங்க கணக்குல சேக்கிறதில்ல."

மூத்தவன் கம்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். படித்துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"கொக்கு கணக்குல இல்ல. அப்ப எதைக் கணக்குல சேத்தீக?"

அப்போதுதான் அப்பாவுக்குப் புரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பைனாகுலரை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எங்களை மடையடிக்குக் கூட்டிப்போனார்கள். மடைக்கல்லில் தலையாரி உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்தார். அதற்குள் இன்னும் சிலர் சேர்ந்துவிட்டார்கள்.

"என்ன உத்தியோகம்?" என்று கேட்டார் தலையாரி.

அப்பா அலுவலகத்தின் பெயரையும் பிரிவையும் சொன்னார். கேட்காமலே மேலதிகாரியின் பதவியையும் சொன்னார். பெரிய இடம் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்.

"சரியாப் போச்சு. அவருக்கு ஒரு கார்டு போட்டுட்டாப் போதும். நீங்க?"

"சிம்மக்கல்லுல போட்டோ கடை" என்றார் மாமா.

கூட்டம் ஒரு அடி நெருங்கியது. "போட்டோ கடையா? அப்ப இது படம் புடிக்கிற பொட்டிண்ணே" என்றான் சின்னவன்.

"படம் புடிக்காதுப்பா. பாக்க மட்டுந்தான்."

"அதத்தான சொல்றோம், பாத்தீகன்னு."

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. இந்தப் பேச்சு சிம்மக்கல் வரை வந்தால், எந்த வீட்டில் பெண்ணை அவர் முன்னால் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள்? அவர் அப்பா தோளைத் தொட்டு, "மாப்ள, கொக்கு பாத்தோம்னு சொல்லேன். அம்புட்டுக் கொக்கு நிக்குதுல்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

"நிக்குது. நாம அதுக்கா வந்தோம்?" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, "எங்கப்பா உள்ளானைத்தான் தேடினாரு" என்றேன்.

தலையாரி என்னிடம் குனிந்தார். நல்ல குரலில்தான் கேட்டார். "எங்கிட்டு வச்சுத் தேடினாரு தாயி?"

நான் சேற்றைக் காட்டினேன். என் விரல் படித்துறைக்கு நேராக நின்றது.

"எட்டு மணி பஸ்ஸுல ஏத்துங்கடா" என்றார் தலையாரி. "ஸ்டேஷன்ல போயிச் சொல்லட்டும், எந்தப் பறவைன்னு."

அந்த நேரத்தில் படித்துறைப் பக்கமிருந்து ஒரு அம்மா கரையேறி வந்தார். பச்சைச் சேலை, முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. தோளில் பிழிந்த துணி மூட்டை. கம்பு வைத்திருந்தவனுக்கு அவர் அத்தை.

"என்னடா, கறிக்கடையில நிக்கிற மாதிரி நிக்கிறீக?"

"இவுக குழாய வச்சுப் படித்துறையப் பாத்திருக்காக அத்தே. கேட்டா பறவைங்கிறாக. என்ன பறவைன்னா ஒண்ணும் இல்லங்கிறாக."

அவர் துணி மூட்டையை மடைக்கல்லில் இறக்கிவைத்தார். அப்பாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். என்னையும், நான் கட்டிப்பிடித்திருந்த தூக்குவாளியையும் பார்த்தார்.

"இதுல எம்புட்டுத் தூரம் தெரியும்?" என்று கேட்டார்.

தலையாரி, "கொண்டா, நான் பாத்துச் சொல்றேன்" என்று கையை நீட்டினார்.

"எங்க வச்சுப் பாப்பீக?"

"படித்துறையத்தான். தெரியுதா இல்லையான்னு பாக்கணும்ல."

"அங்க இன்னும் ஆறேழு பொம்பளைக தண்ணிக்குள்ள நிக்கிறாளுக. ஒரு பொண்ணு மேலுக்கு ஊத்திக்கிட்டிருக்கா. நீங்க வச்சுப் பாத்தா அது வெசாரணை, இவுக பாத்தா அது குத்தமா?"

தலையாரி கையை இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் இருந்த மற்ற ஆண்களும் பைனாகுலரைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். அதைக் கண்ணில் வைக்கக்கூடிய ஆள் அங்கே அந்த அம்மா ஒருவர்தான்.

"குடு இங்கிட்டு."

ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணில் வைத்தார். முதலில் சேற்றுப் பக்கம் திருப்பினார், பிறகு மெல்ல மெல்லப் படித்துறைக்கு. அங்கே நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா பைனாகுலரை இறக்கினார்.

"ஒரே பொகையாவுல்ல இருக்கு."

"என்னது?"

"பொகைங்கிறேன். பனி மூடுன மாதிரி. மனுசியும் தெரியல, மரமும் தெரியல." அப்பா பக்கம் திரும்பினார். "இத வச்சா சார் பறவை பாத்தீக? அதான் அம்புட்டுக் கொக்கு நிக்கிறப்பவும் ஒண்ணும் இல்லங்கிறீக. பாவம்."

முதலில் சின்னவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "கண்ணு தெரியாமத்தான் ஒண்ணுமில்லன்னாரா" என்று யாரோ சொன்னது கரை முழுக்கப் பரவியது. தலையாரியும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிரித்துத் துடைத்த லென்ஸ் அது. வாயைத் திறந்தார். "இல்லம்மா, நடுவுல ஒரு திருகு இருக்கும், அதக் கொஞ்சம்..."

அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார் என்பது மாமா முகத்தில் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றார் அப்பா. "கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு."

கடையில் மீதிக் காசு தவறுதலாகக் கூட வந்துவிட்டால் பழங்காநத்தம் கடைத்தெருவுக்குத் திரும்ப நடக்கிறவர் அவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இனிமே வந்தா தெக்குக் கரையில உக்காருங்க சார்" என்றார் தலையாரி. "அங்கிட்டு வயக்காடுதான். நல்ல கண்ணாடியா ஒண்ணும் வாங்குங்க." பைனாகுலரை அப்பாவிடம் கொடுக்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை போலிருக்கிறது, என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"புள்ளைய வெயில் ஏறுமுன்ன கூட்டிட்டுப் போங்க" என்றார் பச்சைச் சேலை அம்மா. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், அந்த நீலப் பாவாடை தண்ணியில போகுதுடி. எட்டி எடு."

அப்பாவும் மாமாவும் சைக்கிள்களை எடுக்கப் போனார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். தெளிவு சரிசெய்கிற அந்தத் திருகைத் தொடவில்லை. அந்த அம்மாவுக்குப் பிறகு அதை வேறு யாரும் தொட்டிருக்கவில்லை.

படித்துறைக் கல்லில் சோப்பு நுரை வழிவது தெரிந்தது. ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாவாடையை எட்டிப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் கையில் சிவப்பும் பச்சையுமாக வளையல்கள். நீலப் பாவாடையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். எல்லாம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

நான் அதை உறைக்குள் வைத்து மூடிவிட்டேன்.

கரும்பு வண்டிகளைத் தாண்டும்வரை இரண்டு பேரும் மூச்சு வாங்க மிதித்தார்கள். பிறகு மாமா சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "பொகையாம்ல மாப்ள, பொகை. ராவெல்லாம் உக்காந்து துடைச்சேன்டா அத." அப்பாவும் சிரித்தார். அவர் கண்ணில் நீர் வழிய நான் பார்த்ததும் அன்றுதான். அந்த அம்மாவுக்குத் திருகத் தெரியாதது எங்கள் அதிர்ஷ்டம் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். நான் பார்த்ததை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வைகை மணலில் உட்கார்ந்து இட்லி தின்றோம். மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் நன்றாக ஊறியிருந்தது. மாமா தன் பங்கையும் முடித்து, எனக்கு வைத்திருந்ததில் ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அவ்வளவு பசியோடு பெரியவர்கள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா தூக்குவாளியை ஆற்று நீரில் கழுவி, கவிழ்த்து உதறி, நேரே உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்து, "நல்ல வெயில்" என்றார், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி. போலீஸ் இல்லை. கார்டு இல்லை. திங்கட்கிழமை அவர் வழக்கம்போல அலுவலகம் போகலாம்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா.

அப்பா இறந்து பல வருடங்களுக்குப் பிறகு அந்த ஊருக்குப் போனேன். கரை இப்போது தார்ரோடு. கருவேல மரம் இல்லை. படித்துறைக்குக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். கம்பு வைத்திருந்தவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். வெள்ளை மீசையோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலை அவருக்கு நினைவிருந்தது. "பொகைக்கண்ணாடி சார்" என்று அப்பாவை அந்த ஊரில் கொஞ்ச காலம் பேசிச் சிரித்தார்களாம்.

அவருடைய அத்தையைப் பற்றிக் கேட்டேன். காலமாகிவிட்டார்.

"கண்ணு எப்படி அவங்களுக்கு?"

"புரை விழுந்து, பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டப்ப ஆப்பரேசன் பண்ணிக்கிட்டாக."

"அது எந்த வருஷம்?"

அவர் யோசித்தார். "எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்ன. இல்ல, மூத்தவ பொறந்த பெறகு. அதுக்கு முன்ன ரொம்ப நாளாவே கண்ணு மங்கல்தான்னு சொல்லுவாக. எம்புட்டு நாளுன்னு கேட்டா யாரு கண்டா?"

புரை 1979 பங்குனிக்கு முன்பே விழுந்திருந்தால், அவர் சொன்ன புகை உண்மை. கண்மாயின் குறுக்கே நீலமாக ஏதோ மிதப்பதைக் காண நல்ல கண் தேவையில்லை. புரை அதற்குப் பிறகுதான் விழுந்தது என்றால், நான் பார்த்ததையெல்லாம் அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, என் அப்பாவை என்னோடு வீட்டுக்கு அனுப்பினார். முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். அவர்களிடம் தகவல் இல்லை. ஆண்டு இதுவரை உறுதிப்படவில்லை.